நூற்று எண்பது வரிகள்

பார்வையற்றோருக்கான பாடநூல்களை, தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் அச்சிடும் கூடம் அது. அங்கே அவளைத் தட்டச்சு வேலைக்குத்தான் எடுத்தார்கள். கணினி பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட, "விரல் இவ்வளவு வேகமா ஓடுதே, நீயே பாத்துக்கம்மா" என்று மேலாளர் சர்வரையும் அவள் தலையில் கட்டிவிட்டார். மதிய இடைவேளைகளில் கறுப்புத் திரை முன் உட்கார்ந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கற்றாள்.

மூன்றாம் வருடம் அடி விழுந்தது. சர்வரில் இருக்கும் மென்பொருள் பொதிகளை, அதாவது பேக்கேஜ்களைப் புதுப்பிக்கக் கட்டளை கொடுத்தாள். நீளமாக ஒரு பட்டியல் ஓடிவந்து, "தொடரலாமா?" என்று நின்றது. படிக்காமலே, ஆமாம் என்பதற்கான 'ஒய்' எழுத்தைத் தட்டினாள். நீக்கப்படுபவற்றில் அச்சு இயந்திரத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளும் இருந்தது. இரண்டு நாள் இயந்திரம் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரப் பரீட்சைக்கான வினாத்தாள்களை நாலு பேர் உட்கார்ந்து கையால் புள்ளி குத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'ஒய் அக்கா' என்று பெயர். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் சூடு கண்ட பூனையாக, ஒரு வருடத்துக்கு மேல் புதுப்பிக்கும் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருநாள் மேலாளர் ஒரு தாளோடு வந்தார். சர்வரில் இருக்கும் மென்பொருள் ஒன்றில், வெளியாட்கள் இணையம் வழியாகப் புகுந்துவிடக்கூடிய ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

"இன்னைக்கே அப்டேட் போட்டுடும்மா."

"ரெண்டு நாள் குடுங்க சார். வெளியில இருந்து உள்ள வர்ற வழியை இப்பவே அடைச்சுடறேன்."

முதல் நாள் சர்வர் முழுவதையும் நகல் எடுத்தாள். நகல் இருந்தால் போதுமா, அதிலிருந்து மீள முடிய வேண்டாமா? சும்மா கிடந்த இன்னொரு கணினியில் அதை ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை, உடனே புதுப்பிக்காமல் ஒத்திகைக் கட்டளை கொடுத்தாள். எதையும் தொடாமல், என்னென்ன நடக்கும் என்று மட்டும் அது சொல்லும். நூற்று எண்பது வரிகள் வந்தன. டிரைவரின் பெயரைத் தேடினாள். நீக்கப்படுபவற்றில் அது இல்லை. அப்பாடா என்றிருந்தது.

"அந்தப் பட்டியலை என் பக்கம் அனுப்பும்மா, நானும் கேக்கறேன்" என்றார் பக்கத்து மேஜைப் பிழைதிருத்துபவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் கணினி எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும். காதைச் சாய்த்துக் கேட்டவர், திடீரென்று கையை உயர்த்தினார்.

"நீக்கப்படும்ங்கற தலைப்புக்குக் கீழ ஒரு பேரு வந்துச்சே, அது நம்ம எழுத்தைப் புள்ளியா மாத்தற புரோகிராம். தினமும் திறக்கும்போது இதே பேரைத்தான் சொல்லும்."

அவள் திரையில் அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். மெனுவில் அதற்கு வேறு பெயர். இந்தப் பெயரை அவள் கண்டுகொண்டதே இல்லை.

"நீங்க கேக்கலைன்னா மறுபடியும் கவுத்திருப்பேன் அண்ணா."

"கவுக்கறதுக்கு முன்னாடிதானே கேட்டோம். விடும்மா."

அந்த பேக்கேஜைத் தொடாதே என்று கட்டளையிட்டுவிட்டு, மறுபடி ஒத்திகை பார்த்தாள். அதுவும் அதோடு பிணைந்தவையுமாக நாலு பேக்கேஜ்கள் பழையபடியே நின்றன. ஓட்டை இருந்த மென்பொருள் அந்த நாலில் இல்லை. நீக்கப்படுவது ஒன்றுமில்லை. முதலில் நகல் கணினியைப் புதுப்பித்து, ஒரு பக்கம் அச்சடித்தாள். அவர் விரல்கள் தாளின் மேல் நிதானமாக ஊர்ந்தன.

"ஒரு புள்ளி பிசகலை. இப்ப சர்வர்லயே போடு."

மதியச் சாப்பாட்டுக்கு முன் சர்வர் மறுபடி எழுந்துகொண்டது. கூடத்தின் கோடியில் இயந்திரம் படபடவென்று புள்ளி குத்தத் தொடங்கியதும், வாசலில் நின்று பார்த்த மேலாளர் தன் அறைக்குத் திரும்பினார்.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு நாற்காலிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அவள் பார்ப்பாள், அவர் கேட்பார். ஒதுக்கி வைத்த புரோகிராமுக்கும் புதுப் பதிப்பு வந்து, அதையும் ஒத்திகை பார்த்தே ஏற்றிவிட்டாள். வேறு ஊர் அச்சுக்கூடம் ஒன்று, செய்முறையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறது. ஆறு பக்கம் எழுதியாகிவிட்டது. அதில் அவர் இதுவரை பதினோரு பிழை பிடித்திருக்கிறார்.