தொடு என்று எழுதிய வீடு

கல்கத்தாவில் பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், குளத்தை ஒட்டி இருந்தது நடராஜனின் வாடகை வீடு. அவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவர் மனைவி ஜகதாம்பாள் யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். அவளுக்கு இப்படி ஒரு வன்மம் இருக்கும் என்று 1909 பூஜை விடுமுறை வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அந்த விடுமுறையில் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் லக்ஷ்மிநாராயணன் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். தீக்கோழி முட்டை, பாடம் செய்த இருவாட்சிப் பறவை, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு உருண்டை செதுக்கிய சீன தேசத்துத் தந்தப் பந்து எல்லாம் உள்ளே இருந்தன. அக்கம்பக்கத்து வங்காளிகள் அந்தக் கூடத்தை ஜாதுகர் என்பார்கள். மியூசியத்துக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். ஞாயிறுதோறும் யாராவது பார்க்க வருவதில் அவருக்கு அத்தனை பெருமை.

அன்றைக்கு அவர் பந்தைக் காட்ட அலமாரியைத் திறந்து வைத்திருந்தார். ஜகதாம்பாளின் இரண்டு வயதுப் பெண் கோமு நடந்து போய் அதை ஒரு விரலால் தொட்டாள். அவ்வளவுதான். அவர் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு அடி வைத்தார்.

"கையை நீட்டினா இதுதான். அம்மாக்காரி வளர்த்த லக்ஷணம்."

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடராஜன் அசடு வழியச் சிரித்து, "தப்புதான் சார்" என்றார்.

கை வீக்கம் மறுநாளே வடிந்துவிட்டது. ஆனால் கோமு அதற்கப்புறம் தட்டில் வைத்த இட்லியைத் தொடக்கூட ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜகதாம்பாள் பதினோராம் நாள் முன்னறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

எட்டு மாதம் பிடித்தது. கப்பலில் இருந்து கழற்றிய மணி, தேய்ந்த தராசு, ஆமை ஓடு, காந்தம், பூட்டும் சாவியுமாக ஒரு கூடை, இழுத்தால் வாளி மேலே போகும் கப்பி என்று ஏலக்கடையிலும் பழைய சாமான் கடையிலும் தேடித் தேடிச் சேர்த்தாள். பொம்மை செய்கிற குமார்டுலியிலிருந்து களிமண் வந்தது. ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் புனலும் சீசாக்களும் மிதக்க விட்டாள். இரண்டு வயசுக்கு எது எட்டும் என்று பார்க்க, முழங்காலிட்டு அறை முழுவதும் ஊர்ந்து பார்த்தாள். எட்டாத உயரத்தில் ஒரு சாமானும் வைக்கவில்லை.

வாசலில் தமிழிலும் வங்காளியிலும் 'தொடு' என்று பலகை மாட்டினாள். இரண்டு வயசுக் குழந்தைக்கு எழுத்து எங்கே தெரியும்? தினமும் ரயிலுக்கு அந்த வழியாகப் போகிற லக்ஷ்மிநாராயணன் ஒருவர் படிக்கத்தான் அந்தப் பலகை.

முதல் ஞாயிறு நாலு குழந்தைகள் வந்தன. பூஜை நெருங்குவதற்குள் தமிழ்க் குழந்தைகள், வங்காளிக் குழந்தைகள் என்று நாற்பது. வங்காளியில் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி "மாஷிமா, மாஷிமா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடும். லக்ஷ்மிநாராயணனின் கூடத்துக்கு யாரும் போவதில்லை என்று கேள்விப்பட்ட அன்று ஜகதாம்பாள் பால் பாயசம் வைத்தாள்.

ஆபீஸில் நடராஜனைக் கதவோரத்து மேஜைக்கு மாற்றினார்கள்.

"இதை நிறுத்தேன். அவர் எனக்கு மேலதிகாரி" என்று அவர் கெஞ்சினார்.

"அன்னிக்கு நீங்க சிரிச்சேளே, அதுக்கும் சேர்த்துத்தான்" என்றாள்.

அந்தக் கார்த்திகையில் லக்ஷ்மிநாராயணனின் மருமகள் ராஜலக்ஷ்மி, ஒன்றரை வயதுப் பையன் மஹாதேவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஜகதாம்பாள் கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"உங்க கோபம் எங்க மாமனார் மேல. குழந்தை என்ன பண்ணித்து, மாமி?"

"எங்காத்துக் குழந்தை என்ன பண்ணித்து?"

ராஜலக்ஷ்மி பையனைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். மூன்று ஞாயிறு வந்தாள். உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்டுப் பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான்.  அப்படியும் ஜகதாம்பாள் திறக்கவில்லை.

நாலாவது ஞாயிறு லக்ஷ்மிநாராயணனே வந்தார்.

"பேரன் ராத்திரி பகலா மணி, மணின்னு அழறான். உள்ளே விடேன் அம்மா."

"விடறேன். உங்க அலமாரியிலே இருக்கிறதெல்லாம் இங்கே வரணும். கண்ணாடி இல்லாம. நீங்களும் வந்து உட்கார்ந்து பார்க்கணும்."

அவர் முகம் சிவந்தது. பேரனைப் பார்த்தார். அடுத்த வாரம் இரண்டு கூலிகள் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பாயில் அவரை உட்கார வைத்துவிட்டு ஜகதாம்பாள் எதிரே நின்றாள். இருவாட்சியின் இறகை ஒருத்தி பிடுங்கினாள். தீக்கோழி முட்டையை இரண்டு பேர் உருட்டினார்கள். மஹாதேவன் தந்தப் பந்தை இரண்டு கையாலும் தூக்கி, தொட்டிக்குள் போட்டான். அது கல் விளிம்பில் பட்டுப் பிளந்தது. உள்ளே இருந்த சின்ன உருண்டைகள் தெரிந்ததும் பையன் கைகொட்டிச் சிரித்தான்.

லக்ஷ்மிநாராயணன் பாதி எழுந்தார். கை ஓங்கியிருந்தது.

"உட்காருங்கோ. குழந்தை தொட்டுப் பார்க்கறது" என்றாள் ஜகதாம்பாள்.

அவர் உட்கார்ந்தார். உதடு நடுங்கியது. அவள் அந்த நடுக்கம் நிற்கும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. கோமு அதைக் கவனிக்கவே இல்லை; ஒரு மூலையில் களிமண்ணைப் பிசைந்து யாருக்கோ தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் கழித்துத் தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. லக்ஷ்மிநாராயணனின் பிரிவும் கூடவே போனது. புறப்படும் முன் ராஜலக்ஷ்மி வந்து, "மாமனார் மன்னிச்சுடச் சொன்னார்" என்றாள்.

"அவரே வந்து கேட்கட்டும். வாய் இருக்கோன்னோ."

அவர் வரவில்லை. நடராஜன் கல்கத்தாவிலேயே தங்கி, கதவோர மேஜையிலிருந்தே பென்ஷனில் போனார். அறை பதினெட்டு வருஷம் நடந்தது. அங்கே வளர்ந்த பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள், "அந்தக் கோபமெல்லாம் இப்போ போயிடுத்தா, மாமி?" என்று கேட்டாள்.

"ஏன் போகணும்?" என்று சொல்லிவிட்டு ஜகதாம்பாள், தொட்டித் தண்ணீரில் நனையாதபடி அவள் குழந்தையின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள்.