ஐஸ்காரர் கம்புனின் சிவப்பு நகங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அன்றைய ஐஸ் விற்றுத் தீர்ந்ததும், காலி வண்டியின் மேல் உட்கார்ந்து கம்புன் நகப்பூச்சு போட்டுக்கொள்கிறார். இடது கட்டைவிரலில் தொடங்கி வலது சுண்டுவிரலில் முடிப்பார். வலது கைக்கு வரும்போது இடது கை கோணி, பூச்சு தோலிலும் இழுபடும். கோயில் திருவிழாவில் ஆடும் பெண்கள் போடுகிற அதே சிவப்பு. அவருக்கு வயது நாற்பத்தாறு.

எங்கள் மேகோங் ஆற்றங்கரைச் சந்தையில் ஐஸ் அறுப்பதுதான் அவர் தொழில். எதிர்ப்பக்கம் நான் கோழி சுடுகிறேன்; இருபது வருடமாக என் கண்ணுக்கு நேரே இருக்கிறார். பாறை மாதிரிக் கட்டியைக் கைரம்பத்தால் அறுப்பார்; துண்டுக்குத் துண்டு ஒரு விரல் வித்தியாசம் இருக்காது. வெள்ளை ஐஸின் மேல் அந்தப் பத்து நகங்களும் பழுத்த மிளகாய் மாதிரித் தெரியும். மீன்காரி புவா சும்மா விடமாட்டாள்; கேலிக்கு அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, ஒரு கட்டி ஐஸ் குடு. பாலிஷ் எங்க வாங்கின? எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கணும்."

"உன் வீட்டுக்காரனுக்கு எதுக்கு? அந்த மூஞ்சியப் பாத்தா பேயே பயந்து ஓடும். நகரு, நகரு."

பூச்சு எதற்கென்று இங்கே யாரும் கேட்பதில்லை. விதவைப் பேய் தூங்குகிற ஆண்களைத்தான் கொண்டுபோகும். பெண்ணென்று நினைத்தால் தாண்டிப் போய்விடும். கம்புனின் அண்ணன் தோங்டீ முப்பத்தெட்டு வயதில் போனார். தம்பி சவேங் முப்பத்தொன்றில். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவர்கள், விடிந்து எழவில்லை. உடம்பில் ஒரு நோய் நொடி கிடையாது.

சவேங் போன பிறகு கம்புனின் மனைவி லம்டுவான் தூக்கத்தையே விட்டுவிட்டாள். விடியும்வரை அவர் நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பகலில் காய் நறுக்கும்போது தூங்கி விழுந்து விரலை வெட்டிக்கொண்டாள். "நீயாவது தூங்கு" என்று அவரே அவளைத் தூரத்து ரயோங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார். இரண்டு வருடம் ஆயிற்று. தினமும் காலை ஆறு மணிக்கு மனைவிக்குப் போன் செய்து, "எழுந்துட்டேன்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். சாயங்காலம் ஒட்டரிசிச் சோறு மூன்று உருண்டை, அவ்வளவுதான். வயிறு நிறைந்தால் பயம். அவருக்கென்று நான் எடுத்துவைக்கும் கோழித்தொடை அப்படியே திரும்பி வரும். நானும் மறுநாள் எடுத்துவைப்பேன்.

போன வாரம் காய்ச்சலோடு ஐஸ் அறுத்தவர் கட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க நர்ஸ் அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். எண் சரியாக வரவில்லை. பஞ்சை எடுத்தாள்.

"பாலிஷைத் துடைக்கணும், அண்ணே."

"கையை வேணா வெட்டிக்கோ. துடைக்காதே."

"ஒரே ஒரு விரல்தான். பேய் என்ன விரலை எண்ணிப் பாக்குமா?"

"எங்கண்ணனைப் போய்க் கேளு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கிளிப்பைக் கழற்றிக் காதுமடலில் மாட்டினாள்.

நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த கோட்டுத்தாளைப் பார்த்து டாக்டர் சொன்னதை, திரும்பி வரும் வழியில் கம்புன் எனக்கு விளக்கினார். வாலிபத்தில் படகுப் போட்டியில் துடுப்புப் போட்டவர்.

"ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் நெஞ்சு பூரா ஓய்ஞ்சு மறுபடி தயாராகணுமாம், பெரியம்மா. எனக்கு ஒரு பக்கம் சீக்கிரம் தயாராயிடுது, இன்னொரு பக்கம் பிந்துது. நாப்பது பேரு படகுல முன்னாடி இருக்கிறவன் துடுப்பைத் தூக்கிட்டான், பின்னாடி இருக்கிறவன் துடுப்பு இன்னும் தண்ணிக்குள்ள. ஒண்ணோட ஒண்ணு இடிச்சு, படகு நின்ன எடத்துல சுத்தும். நெஞ்சும் அப்படி மாட்டிக்கிட்டா துடிக்காதாம், வெறுமனே நடுங்குமாம். தூக்கத்துல, காய்ச்சல்ல அதுக்கு வசதியாம். அண்ணன், தம்பி ரெண்டு பேருக்கும் இதேதான் இருந்திருக்கும்னாரு."

காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்ன மெஷின் வைத்தால், நெஞ்சு நடுங்கும்போது அது கரண்டால் ஓர் அடி கொடுத்துத் துடிக்க வைக்குமாம். அடுத்த புதன்கிழமை வைக்கலாம் என்றார்கள். செவ்வாய் இரவே வார்டில் படுக்க வேண்டும். விடியும்வரை கிளிப் இருக்கும், காதில் மாட்டினால் தூக்கத்தில் கழன்றுவிடும், அதனால் வலது ஆள்காட்டி விரலையாவது பூச்சில்லாமல் கொண்டு வாருங்கள் என்றாள் நர்ஸ்.

பேய் உண்டு. அதில் எந்த டாக்டர் சொல்லும் என்னிடம் எடுபடாது. ஆனாலும் சொன்னேன்: "பேய்க்குப் பாலிஷ், நடுக்கத்துக்கு மெஷின். ரெண்டும் இருக்கட்டும்டா. லம்டுவான் வந்து உன் வீட்டுல தூங்கட்டும்."

"அந்த ஒரு ராத்திரி, பெரியம்மா? மெஷினும் இருக்காது. விரலும் வெறுமையா இருக்கும்."

 

இன்று செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு வண்டிமேல் உட்கார்ந்து சீசாவைத் திறந்தார். இடது கை ஐந்தும் ஆயிற்று. வலது கட்டைவிரல் ஆயிற்று. ஆள்காட்டி விரலுக்கு மேலே தூரிகை நின்றது. ஒரு சொட்டு திரண்டு அவர் முழங்காலில் விழுந்தது. தூரிகை நடுவிரலுக்குப் போனது.

ஊதிக் காயவைத்து, பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வழியாகப் போகும் வேனில் ஏறினார். "அக்கா, போயிட்டு வா!" என்று புவா மீன்கத்தியை ஆட்டிக் கத்தினாள். கம்புன் கையைத் தூக்கவில்லை. வெறும் விரலை இடது கைக்குள் பொத்தி, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார்.