சயாம் மழையில் பன்னிரண்டும் பதிமூன்றும்

ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை 6:10. தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நானும் நண்பர் காதர் மைதீனும் வாடகைக் காரில் ஏறித் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். செங்கோட்டை தாண்டியதும் எதிரே குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கின. தலையில் துண்டு கட்டியவர்கள் சன்னல் வழியே கையை நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஊரு ஒலகமெல்லாம் சீசனுக்கு இங்கன வருது. நீங்க ரெண்டு பேரும் எங்க அண்ணாச்சி போறிய?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"மழையில நனைய," என்றார் காதர் மைதீன்.

"அதுக்கு பிளேன் ஏறணுமா?"

"இவருக்கு ஏறணும். கேளும், சொல்லுவாரு."

நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். போர் வந்தது. ஜப்பானியர் அவரை, இன்று தாய்லாந்து எனப்படும் சயாமுக்கு, சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போர் முடிந்து பிழைத்து வந்து, தென்காசியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை நிறுத்துக் காலத்தைக் கழித்தார். நான் படித்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். இரண்டாம் உலகப்போரை நார்மண்டியிலிருந்து ஹிரோஷிமா வரை கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். சயாம் ரயிலுக்கு என் பாடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குள் என் அப்பா இருந்தார். நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அவருக்குச் சாரல் ஆகாது. ஊரே கொண்டாடும் மாதங்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் இருப்பார். குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் வாழ்ந்த அவர் அருவியில் குளித்து யாரும் பார்த்ததில்லை. எனக்குத் திருமணமான புதிதில் மதுரையிலிருந்து மாமனார் குடும்பத்தோடு சீசனுக்கு வந்தார். எல்லோரும் பேரருவிக்குப் போனோம். "குற்றாலத்துச் சம்பந்தி அருவிக்குப் பயப்படுறாரே!" என்று மாமனார் கேலி செய்தார். எனக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. நானும் மைத்துனனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அப்பாவைத் தண்ணீருக்குள் இழுத்தோம்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். பிறகு கத்தினார். "ஜூ நி!" அது அவருடைய குரல். உடனே மெலிந்த, வேறு யாருடையதோ போன்ற குரலில் "ஜூ சான்!" மறுபடி ஜூ நி, மறுபடி அந்த மெலிந்த குரல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏலே, அண்ணாச்சி மிமிக்ரி பண்ணுதாருலே!" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன்.

அவர் வெளியே வந்து கடையோரம் நடுங்கிக்கொண்டு நின்றார். என் தோளில் ஈரம் படாத துண்டு ஒன்று இருந்தது. அதை மாமனாரிடம் கொடுத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டார். அப்பா சொட்டச் சொட்ட நடந்தே வீட்டுக்குப் போனார்.

சில வருடங்கள் கழித்து அவர் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பகலில் அம்மா தானாகவே சொன்னாள். முகாமில் காலையில் மழையில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுவார்களாம். அவரவர் எண்ணை ஜப்பானிய மொழியில் கத்த வேண்டும். கத்தாதவனுக்கு அன்று சோறு கிடையாது. "ஒங்கப்பா பன்னெண்டு. பக்கத்துல நிக்க சிவகிரிக்காரரு பதிமூணு. அவருக்குக் காய்ச்சல் வந்து கொட்டகையை விட்டு எந்திரிக்க முடியல. அவியளே கொரல மாத்தி அவரு நம்பரையும் சொல்லிச் சோறு வாங்கிக் குடுத்திருக்காவ. ஆறு நாளு. ஏழாம் நாளு சோத்தக் கொண்டுபோனா, திங்க ஆளு இல்ல."

"அவரு பேரு என்னம்மா?"

"கேக்கலய்யா. நானும் கேக்கல, நீயும் கேக்கல."

நாங்கள் சிரித்தது எதைப் பார்த்து என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நாற்பது வருடம் சும்மா இருந்தேன்.

கோலாலம்பூரில் விமானம் மாறி, பாங்காக்கில் இறங்கி, சனிக்கிழமை காலை 7:50க்கு தோன்புரி நிலையத்தில் ரயிலேறினோம். ஒருவருக்கு நூறு பாட். மூன்றாம் வகுப்பு, மர இருக்கை, கதவுகளெல்லாம் திறந்தே கிடந்தன. இரண்டே முக்கால் மணி நேரத்தில் காஞ்சனபுரி. ஆற்றோரம் ஒரு விடுதியில் அறுநூறு பாட்டுக்கு அறை எடுத்தோம்.

காதர் மைதீன் கடையநல்லூர்க்காரர். என் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். அவர் குடும்பத்தில் தறி உண்டு. பையிலிருந்து புத்தம்புது ஈரிழைத் துண்டுகள் இரண்டை எடுத்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். "கேரளாவத் தாண்டிட்டா நல்ல துண்டு கெடைக்காதுவே," என்றார். நான் அதை வாங்கி மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் 3 மணி. ரயில் நிலையத்துக்கு எதிரே நேச நாட்டுப் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ ஏழாயிரம் பேர். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. அடியில் வீட்டார் எழுதி அனுப்பிய ஒரு வரி. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூச்செடி. புல்லைச் சீராக வெட்டியிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இறந்தவர்கள்மேல் பொறாமைப்பட்டேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பௌத்தக் கோயில். அதன் வளாகத்தில், பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளிகளின் எலும்புகளைத் திரட்டி வைத்து எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்த பாதை இது. ஒரு பெயரும் இல்லை. நான் கைகட்டி நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பூ வாங்கி வரவில்லை. அழுகையும் வரவில்லை. கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

விடுதியில் சாயங்காலத் தேநீரின்போது காதர் மைதீனிடம் முழுவதையும் சொன்னேன். அருவி, துண்டு, இரண்டு குரல்கள் எல்லாவற்றையும். ஐம்பது வருடச் சிநேகிதத்தில் அதுவரை சொன்னதில்லை. அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "மாமனாருக்குத் தலையில முடியே கெடையாதேவே," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. அவர் எழுந்து என் தம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

ஞாயிறு காலை 7:20. விடுதிக்கு அடுத்த தெருவில் பைக் வாடகைக் கடை. 125 சிசி வண்டி, ஒரு நாளைக்கு 250 பாட். தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நீட்டினேன். கடைக்காரப் பெண் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு காதர் மைதீனைப் பார்த்தாள். விரலால் என்னைச் சுட்டி, வயது என்ன என்று சைகையில் கேட்டாள். ஏழு, மூன்று என்று விரல் காட்டினேன். அவள் தலைக்கவசத்தை எடுத்து, தானே என் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, இழுத்தும் பார்த்தாள். பின்னால் நின்றவருக்கும் அதேபோல் செய்தாள்.

"என் சம்சாரம்கூட இப்படிச் செஞ்சதில்லவே," என்றார் காதர் மைதீன்.

காரில் போகலாம் என்று அவர் முதலிலேயே சொல்லிப் பார்த்தார். காரில் போனால் நனைய மாட்டேன். அந்த மலைக்கு அப்பாவை மழையில் நடத்திக்கொண்டு போனார்கள். நடக்க என் முழங்காலுக்குத் தெம்பில்லை. பைக் மட்டும்தான் என்னால் ஆகக்கூடியது.

323ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்காக எண்பது கிலோமீட்டர். நம் ஊர்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் சிரமமில்லை. இருபுறமும் கரும்பும் மரவள்ளியும். முப்பதாவது கிலோமீட்டரில் மலைகள் தெரிந்தன. நான் நாற்பதுக்குமேல் முறுக்கவில்லை. லாரி தாண்டும்போதெல்லாம் காதர் மைதீன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இப்படிப் போனா ஜப்பான்காரன் திரும்பி வந்துருவான்வே," என்று காதருகே கத்தினார். அறுபதாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. பெட்ரோல் பங்கில் ஒதுங்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். பத்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் பல் கிட்டியது.

அந்த இடத்தின் பெயர் நரக நெருப்புக் கணவாய். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை வாங்கியதால் போர்க்கைதிகள் வைத்த பெயர். அருங்காட்சியகத்தின் பின்னாலிருந்து மூங்கில் காட்டுக்குள் படிகள் இறங்குகின்றன. கீழே, மலையைக் கையால் வெட்டிப் பிளந்த பாதை. செங்கோட்டைக்கு அடுத்த புளியரைப் பக்கம் ரயிலுக்காக வெட்டிய பாறைகளைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான், உயரம் மட்டும் பல மடங்கு. பாறையில் உளித்துளைகள் நீளக் கோடுகளாகத் தெரிகின்றன. ஒரு துளையில் ஒடிந்த துளைக்கம்பி இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய தண்டவாளத் துண்டு கொஞ்ச தூரம் கிடக்கிறது. அப்பா வேலை செய்தது இதே இடமா, இதற்கு அந்தப் பக்கமா, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மழை வலுத்தது. எங்களைத் தவிர ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் பாறையோரம் ஒதுங்கி நின்றார்கள். நான் தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வெட்டவெளியில் நின்றேன். அரை நிமிடத்தில் உடம்பு உதறியது. எழுபத்துமூன்று வயதில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப்போக வண்டி வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கே அப்படி.

"ஜூ நி," என்றேன். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க, "ஜூ நி."

அடுத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மெலிந்த குரல் எனக்கு வராது. வாய் திறந்தபடி நின்றேன்.

"ஜூ சான்!" என்றது பின்னாலிருந்து.

காதர் மைதீன் எனக்கு வலப்புறம் வந்து, வரிசையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றிருந்தார். குரலை மெலிதாக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்கு உள்ளது கட்டைக் குரல், பாறையில் மோதித் திரும்பி வந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"நம்பர் சரிதானவே?"

"சரிதான்."

"அப்ப சோறு உண்டு. வாரும், மேல போவோம்."

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் சூடாகக் கஞ்சியும் முட்டையும் சாப்பிட்டோம், இருவருக்கும் எண்பது பாட். பிற்பகல் 4 மணிக்கு வண்டியை ஒப்படைத்தோம். கடைக்காரப் பெண் முதலில் எங்களைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம்தான் வண்டியைப் பார்த்தாள்.

திங்கள், காலை 9 மணி. பாங்காக் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. ஈரிழைத் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கோயிலுக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. நினைவுச்சின்னத்தின் மேலிருந்து நீர் கோடு கோடாக வழிந்தது. நான் துண்டைப் பிரித்து, எட்டிய உயரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

காதர் மைதீன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை இன்னும் விடலயேவே. தொடைக்கத் தொடைக்க நனையுது."

"தெரியும்."

அவர் குடையை விரித்துக் கையை உயரத் தூக்கி, கல்லுக்குமேல் பிடித்தார். நாங்கள் இருவரும் நனைந்தோம். குடைக்கடியில் ஓர் ஆள் தலை அளவுக்குக் கல் ஈரமில்லாமல் ஆனது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்த இளம் பிக்கு ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டத் தொடங்கினார்.

"அந்தச் சிவகிரிக்காரரு யாரு, எந்தக் கோயில்ல கும்பிட்டவருன்னு உமக்குத் தெரியுமா?" என்று காதர் மைதீன் கேட்டார்.

"எதுவும் தெரியாது."

"அப்ப நான் ஓதுனா தப்பில்ல." குடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஓதினார். முடிந்ததும், "ஒம்ம அப்பாவுக்கும் சேத்துத்தான்," என்றார்.

அங்கே எங்களுக்குச் செய்ய வேறொன்றும் இல்லை. அப்பா மன்னித்திருப்பாரா என்று நான் யோசிக்கவில்லை. அன்று நடந்து போனவர் வீட்டுக்கு வந்து என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நேரமாகிறது என்று எழுப்பியும் விட்டார். எனக்கு இருந்த கடைசி ஆசை, அந்தத் துண்டு ஒரு தடவையாவது போகவேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்பதுதான்.

புதன் மாலை தென்காசி வந்து சேர்ந்தேன். அதே சாரல். குற்றாலம் சாலையில் அதே வண்டிகள். இங்கே மழை என்றால் வடை, பஜ்ஜி, எண்ணெய்க் குளியல், விருந்தாளிகள். அங்கேயும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மழை கொண்டுவருகிறது. கடலைத் தாண்டி அந்த மலையில் போய் அடிக்கிறது. அப்பாவுக்கு இரண்டும் ஒரே மழை. எனக்கு அது புரிய நாலாயிரம் கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது.

பையைத் திறந்ததும் என் மனைவி துண்டை எடுத்து மோந்து பார்த்து, "இத ஏன் ஈரத்தோட சுருட்டி வச்சிருக்கிய?" என்று பிழியப் போனாள். பிழியாதே என்று வாங்கி, அப்பா சாரலுக்குப் பயந்து இருந்த உள்ளறையில் கொடி கட்டி விரித்துப் போட்டேன்.

சீசன் காலத்தில் எங்கள் ஊரில் துணி லேசில் காயாது. இன்றோடு நான்கு நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.