வெள்ளி ராவுக்குக் கிடைத்த நேரம்

முதலில் இடது கண்ணின் ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. திருவிடந்தையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றிருந்தேன். வானத்தில் மேகமே இல்லை. கண்ணை மூடினேன், மூடிய கண்ணுக்குள்ளும் வெட்டியது. மறுநாள் கொசுக்களைப் போலக் கரும்புள்ளிகள் மிதந்தன.

என் மனைவி ஷமீமா, செங்கல்பட்டில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "கண்ணுல பூச்சி பறக்குதாம்" என்றாள். மின்னலைப் பற்றி நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணி என்று நேரம் கிடைத்தது.

வியாழன் காலை அந்தக் கண்ணில் கீழிருந்து சாம்பல் நிறத் திரை ஒன்று ஏறியிருந்தது. ராவு போகத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டோம்.

மாலை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு மேசையில் இருந்த கலா, கணினியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு நாளைக்கில்ல குடுத்துகீது?"

"வெள்ளி ராவுன்னு சொன்னீங்களேம்மா" என்றாள் ஷமீமா.

"ஆமாக்கா. இன்னிக்கு வியாழன்."

"வியாழன் பொழுது சாஞ்சா வெள்ளி ராவுதான? எங்க வூட்ல அப்டித்தான்."

எங்கள் வீடுகளில் நாள் மாலையில் பிறக்கிறது. வெள்ளிக்கு முந்தைய இரவே வெள்ளி ராவு. அது எல்லோருக்கும் அப்படியில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கலா சிரித்துவிட்டார். "அப்ப நாங்கதான் ஒரு நாள் பின்னால கீறோம். பூச்சி இன்னும் பறக்குதா சார்?"

"பறக்குது. காலையிலேர்ந்து கீழ ஒரு திரை வேற."

சிரிப்பு நின்றது. "திரையா?" என்று எழுந்து உள்ளே போனார். காத்திருந்தவர்களைத் தாண்டி என்னை அழைத்தார்கள்.

விழித்திரை (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை வாங்கும் மெல்லிய படலம்) மேற்புறம் கிழிந்து உரியத் தொடங்கியிருந்தது. மேலே உரிந்தால் நிழல் கீழே தெரியுமாம்.

"நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டிருக்கு" என்றார் மருத்துவர். "எழுத்து, முகம் எல்லாம் அதாலதான் தெரியுது. நாளைக்கு ராத்திரி வந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியாது. காலையில ஆபரேஷன்."

எனக்கு ஏற்பட்டது பயமல்ல. நகரத் தொடங்கிய ரயிலில் தொற்றிக்கொண்டவனின் படபடப்பு.

காலை நேரம் ஏற்கெனவே படாளத்துப் பெரியவர் ஒருவரின் கண்புரைக்கு (கண் வில்லை மங்குதல்) ஒதுக்கப்பட்டிருந்தது. கலா போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நிலைமையைச் சொன்னார்.

"அவுருக்கே குடும்மா. எம்புரை எங்க ஓடிடப் போவுது?" என்றது குரல். "அப்ப காலைல நாஸ்தா துன்னலாம்ல?"

"நல்லா துன்னுங்க அண்ணாத்த."

யாருக்கேனும் கண்ணில் மின்னல் வெட்டினால், நேரம் கேட்கும்போதே அதைச் சொல்லுங்கள். திரை விழுந்தால் கொடுத்த நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள்; உடனே போங்கள். எங்களைக் காப்பாற்றியது ஒரு தவறு. அதை நம்பி யாரும் இருக்க முடியாது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். அது கரையும்வரை குனியக் கூடாது என்பதால் நாற்காலியில் அமர்ந்தே தொழுதேன். முதலில் எல்லாமே கலங்கல். பிறகு குமிழி சுருங்கச் சுருங்க, தெளிவு மேலிருந்து கீழே இறங்கியது. தலையை அசைத்தால் அதன் விளிம்பு தண்ணீரைப் போல் தளும்பியது.

தினமும் காலையில் மாடியில் நின்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தேன். முதலில் வானம் மட்டும். ஒருநாள் குமிழியின் விளிம்பும் தொடுவானமும் ஒரே கோட்டில் நின்றன. அந்த நாட்களில் எனக்குக் கிழமை நினைவிருக்கவில்லை. எவ்வளவு கடல் தெரிகிறது என்பதே கணக்கு.

"படகு தெரியுது" என்று ஒரு காலை கத்தியேவிட்டேன்.

ஷமீமா மேலே வந்தாள். "எத்தினி?"

"ரெண்டு."

"மூணு கீது. நல்லா பாருங்க."

"மூணாவது இன்னும் தண்ணிக்குள்ள இருக்கு" என்றேன். "நாளைக்கு வெளிய வரும்."