பூஜை அலமாரியில் ஒரு மலைப்பாம்பு

நகர்த்திய பீரோவைத் திரும்பத் தள்ளி வைத்துவிட்டு இப்போதுதான் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சேலையூர் வீட்டுக்கு ஒரு மலைப்பாம்பு வந்திருக்கிறது. வழிதவறி அல்ல... மகள் யாழினி முறையாகப் பதிவு செய்து தோழியிடமிருந்து வாங்கி வந்தது. ஆப்பிரிக்க வகை, விஷம் கிடையாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். வந்த அன்று நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன்.

"அப்பா, அதுக்குப் புது இடம். கொஞ்ச நாளைக்கு யாரும் தொடக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. பயம் போனாதான் சாப்பிடும்."

கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த மண்சட்டி, மூடிக்குக் கிளிப். தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை யாழினி கல்லூரிக்குக் கிளம்பியதும் மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார். கையில் பால் கிண்ணம், மஞ்சள், குங்குமம்.

"வீடு தேடி வந்திருக்கு தம்பி. ஒரு சொட்டுப் பால் வெக்காம விடலாமா?"

"அது பால் குடிக்காதுக்கா. எலிதான்..."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது!"

மாடி வீட்டு அக்காவிடம் முடியாது என்று சொன்னவர் யாராவது உண்டா? மூடியைத் திறந்தேன். பால் வைத்தார், கும்பிட்டார், போனார். மூடினேன். கிளிப்பை மாட்டினேனா?

மாலையில் யாழினி சட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "காணோம்ப்பா." கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. எங்கள் பக்கம் மழை பெய்தால் ஏரியிலிருந்து பாம்பு வரும். வந்தால் முதலில் கட்டை. என்ன பாம்பு என்ற கேள்வியெல்லாம் அடித்த பிறகுதான். நாங்கள் தேடுவதைப் பார்த்து எதிர்வீட்டு சார் கேட் அருகில் வந்துவிட்டார்.

"என்ன சார், ஏதாச்சும் பூந்துடுச்சா? கட்டை எடுத்துட்டு வரட்டா?"

"கரப்பான்பூச்சி சார்!"

"கரப்பானுக்கா பீரோவை நகர்த்துறீங்க?"

சோஃபா, ஷூ ரேக், வாஷிங் மெஷின்... எங்கும் இல்லை. இந்தச் சனியன் எப்போது தொலையும் என்று தினமும் முணுமுணுத்தவன் நான். இப்போது அதன் உயிருக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

யாழினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு இருட்டு வேணும், இடுக்கு வேணும், சூடு வேணும்..."

சூடு — இன்வெர்ட்டர்! அதை ஒட்டியதுதான் பூஜை அலமாரி. கீழ்க்கதவு எப்போதும் சரியாக மூடாது. திறந்தோம். குத்துவிளக்குக்குப் பின்னால், இருட்டில், அழகாக ஒரு பந்து.

இரண்டு கையாலும் ஏந்தித் தொட்டிக்குள் விட்டாள். "இனி பயம் போறது, சாப்பிடறது எல்லாம் முதல்லேர்ந்துதான்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியை வைத்துவிட்டு, "கிளிப்பை நீங்களே மாட்டுங்கப்பா."

மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டார். "எங்க தம்பி இருந்துச்சு?"

"சோஃபாவுக்கு அடியிலக்கா."

பொய்தான். பூஜை அலமாரியில் என்று சொல்லியிருந்தால், அடுத்த வெள்ளி கேம்ப் ரோடு வரை பால் கிண்ணத்தோடு வரிசை நின்றிருக்கும். நல்லவேளை, அக்கா இந்தப் பத்தியைப் படிப்பதில்லை!