கன்னியம்மா குடித்த மந்து

பால்கனி ரோஜாவுக்கு என் மனைவி வேப்பெண்ணெய் தெளிக்கும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டோம் என்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பிய மகாபுத்திசாலி நான். சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது ஆந்திர எல்லையில், வரதய்யபாளையம் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் சங்கங்களோடு எனக்கு வேலை. பூச்சிமருந்து அடித்து அடித்து ஆண்களுக்குத் தலைசுற்றல், களையெடுக்கும் பெண்களுக்குக் கைகால் அரிப்பு. கடை மருந்தே வேண்டாம், நாமே காய்ச்சுவோம் என்று சங்கத்தில் கூடி முடிவெடுத்தார்கள். வேப்பிலை, நொச்சி, பூண்டு, பச்சை மிளகாய், மேலே மாட்டுக் கோமியம். அந்த அண்டா கொதித்தால் தெருநாய்கூடச் சுற்றுவழியில் போகும். முதலில் தன் வேர்க்கடலைக்கு அடிக்கத் துணிந்தவள் சங்கத் தலைவி கன்னியம்மா. அவளைத் தலையாட்ட வைத்ததில் என் வாய்க்கும் பங்குண்டு.

அவள் புருஷன் முனுசாமி, சென்னையில் கட்டட வேலைக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தான். ஊரில் பாதி ஆம்பளைகள் ஏற்கெனவே அங்கேதான். "இந்தக் கடல தேறுனா இருக்கறேன் சார். இல்லனா போய்க்கினே இருப்பேன்" என்றான். அந்த வாரம் பார்த்துக் கம்பளிப்புழு இறங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஆபீஸுக்குப் போன் வந்தது. அந்த ஊர் டெலிபோன் பூத்காரர், தெலுங்கர். "சார், கன்னியம்மா மந்து தாகேசிந்தி!" லைன் போய்விட்டது.

தாகேசிந்தி என்றால் குடித்துவிட்டாள். மந்து என்றால் மருந்து. இருமல் மருந்தும் மந்து, பூச்சிமருந்தும் மந்து, பிராந்தியும் மந்து. என் மூளை எதைப் பிடிக்கும் சொல்லுங்கள்? பயிர் போச்சு, புருஷன் போகப்போகிறான், மருந்தைக் குடித்துவிட்டாள். முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொபெட்டை விரட்டினேன். அதில் பஞ்சும் டிஞ்சரும்தான் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. போலீஸுக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்துச் சத்தியவேட்டிலிருந்து சென்னைக்கு அடுத்த பஸ் எப்போது என்றும் யோசித்தேன்.

கடலைக்காட்டு வரப்போரம் கூட்டம். நடுவில் கன்னியம்மா, கையில் காலிச் சொம்பு, முகம் பாகற்காய் தின்றது மாதிரி.

"இன்னா சார், இப்டி வேர்த்து ஊத்திக்கினு வர்றீங்க? நாய் தொரத்திச்சா?"

முனுசாமிதான் சொன்னான். பக்கத்து நிலத்து ராஜுலு, "நீங்க அடிக்கற கண்ட தண்ணி எங்க வரப்புல பட்டா மாடு செத்துடும்" என்று சண்டைக்கு வந்திருக்கிறார். இவள் அண்டாவில் ஒரு சொம்பு மொண்டு, அவர் எதிரிலேயே மடமடவென்று குடித்துவிட்டாள்.

"பாத்துக்கோ நைனா, நான் செத்தனா?" என்று இப்போதும் சொம்பை ஆட்டினாள்.

ராஜுலு அசரவில்லை. "நீயே சாவல, புழு எப்டிம்மா சாவும்?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், முதலுதவிப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே. ஆனால், புழுவும் சாகாவிட்டால்?

இப்போது அங்கே அண்டா இல்லை, பூத் இல்லை, வரப்பே இல்லை. கடலைக்காடு முழுக்கத் தொழிற்சாலைக் கூரை. சங்கம் கூடிய புளியமரத்தடியில் கம்பெனி பஸ் நிற்கிறது.

அந்த வருஷம் பாதிப் புழு செத்தது, பாதிக் கடலை தேறியது. கன்னியம்மாவுக்கு மறுநாள் முழுக்க வயிறு போனது. முனுசாமி போகவில்லை.