லைன்மேன் நெஞ்சுக்குள் கரண்ட்

கரண்டுக்குப் பயப்படாதவன் கரண்ட் வேலைக்கு லாயக்கில்லை என்பது ஜமுனாமரத்தூர் லைன்மேன் தங்கவேலின் கட்சி. இருபத்தாறு வருஷம் மலைக் கம்பங்களில் ஏறி இறங்கியும் உயிரோடு இருக்கிறார் என்றால் அந்தப் பயத்தால்தான். அப்படிப்பட்டவரிடம் போய், "நெஞ்சுக்குள்ள கரண்ட் விட்டுப் பார்க்கணும்" என்றால்?

நாலு மாசம் முன்பு அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயத்தில் எவ்வளவு தசை செத்துத் தழும்பாகியிருக்கிறது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் இப்போது பார்க்கப் போகிறார்கள். தழும்பு சின்னதென்றால் மாத்திரையோடு போயிற்று, வேலைக்குத் திரும்பலாம். பெரிதென்றால் துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகும். அதைச் சரிப்படுத்த நெஞ்சில் ஒரு மெஷின் வைத்துத் தைக்க வேண்டும். மெஷின் வைத்த ஆள் பெரிய லைன் பக்கமே போகக் கூடாது. கம்பம் ஏறாத தங்கவேலை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு மெல்லிய ஒயரை ஏற்றினார் டாக்டர் அருணா. தங்கவேல் விழித்தே கிடந்தார்.

"எவ்ளோ கரண்ட்டும்மா?"

"ரொம்ப ரொம்பக் கம்மிங்க. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"லைனை ஆஃப் பண்ணாம நான் கம்பத்துல கை வச்சதில்ல. நீங்க இன்னாம்மா, ஓடுற லைன்லயே கைய வக்கிறீங்க!"

டாக்டர் சிரித்தார். தங்கவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் இரும்பில் பட்டுவிடாமல் கையை ஒடுக்கிக்கொண்டார்.

ஒயர் இதயச் சுவரைத் தொட்ட இடமெல்லாம் கரண்டுக்கு எத்தனை ஓம் தடை என்று திரையைப் பார்த்துப் படித்தாள் டெக்னீஷியன் கல்பனா. "நூத்திப் பதினெட்டு... நூத்திப் பதினஞ்சு..." அப்புறம், "தொண்ணூறு... எண்பத்தாறு."

தங்கவேலுக்கு மூச்சு வந்தது. எர்த்துக்குத் தடை குறையக் குறைய நல்லது. ஆனால் அவர் மலை பூராவும் பாறை. எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் ஓம் இறங்கித் தொலையாது. இறங்கிவிட்டால் அன்றைக்குக் கூட வந்த எல்லாருக்கும் அவர் செலவில் டீ.

"நல்ல எர்த்து மாதிரி எறங்குதுங்களே!" என்றார் சந்தோஷமாக.

கல்பனா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"அப்படி இல்லீங்க. உயிரோட இருக்கிற தசைதான் கரண்ட்டைத் தடுக்கும். தழும்பு தடுக்காது, விட்டுடும். எறங்கினா, அந்த இடம் தழும்புன்னு அர்த்தம்."

டாக்டர் ஒயரை நகர்த்தினார். இதோ ஏறிவிடும் என்று தங்கவேல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"எண்பத்தி நாலு."

இன்னும் தள்ளி வைத்தார்கள்.

"எண்பத்தி மூணு."

இன்னும் தள்ளி. நூறு என்ற வார்த்தையையே மறந்துவிட்டாளா இந்தப் பெண்?

"எண்பத்தி ஒண்ணு."

"கண்ணு," என்றார் தங்கவேல், கண்ணை இறுக மூடிக்கொண்டு. "கொஞ்சம் ஏத்திச் சொல்லும்மா."